மதுரை–துபாய்: போக இரண்டே முக்கால் மணி, திரும்ப ஐந்தரை மணியா?

வணக்கம். கீழக்கரையிலிருந்து துபாய் செல்லவிருக்கும் உங்கள் தந்தையின் பயணச்சீட்டில், மதுரையிலிருந்து போக இரண்டே முக்கால் மணி நேரமும் திரும்பி வர ஐந்தரை மணி நேரமும் ஆவதாகத் தெரிவதால், விமானம் சுற்றி வருகிறதா என்று கேட்டிருந்தீர்கள். தூரம் இரு முறையும் ஏறத்தாழ ஒன்றுதான். நேர்வழியில் சுமார் 2,950 கி.மீ. பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரப்படியே அச்சிடப்படுகின்றன. துபாய் நேரமோ நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. ஆகவே போகும்போது ஒன்றரை மணியைக் கூட்டினால் நாலேகால் மணி, திரும்பும்போது கழித்தால் நான்கு மணி என்று உண்மையான பயண நேரம் கிடைக்கும். மிஞ்சும் கால் மணி வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றே காரணம். எதிர்க்காற்றில் வள்ளம் செலுத்தும் நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், விமான நேரத்தைவிடச் சாலை நேரமே கவனிக்க வேண்டியது. இராமநாதபுரம், பரமக்குடி வழியாக மதுரை விமான நிலையத்தை அடைய இரண்டரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வெளிநாடு செல்வோர் மூன்று மணி நேரம் முன்னதாக அங்கிருப்பது நல்லது என்பதால், காலை பத்து மணி விமானமென்றால் அதிகாலை நாலரை மணிக்கே வண்டி கிளம்பிவிட வேண்டும்.