அப்பா இறந்த பிறகு தெரிந்தது, நான் தத்துப்பிள்ளை என்று

கேள்வி: எனக்கு 38 வயது. திண்டுக்கல் பக்கம். இரண்டு மாதம் முன்பு அப்பா தவறிவிட்டார். கருமாதி முடிந்து வீட்டுப் பேச்சு வந்தபோது, "நீ அண்ணன் பெத்த பிள்ளையே இல்லை, உனக்கு எதுக்குப் பங்கு" என்று சித்தப்பா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். என் பெரியம்மாவின் மூன்றாவது மகளாம் நான். கைக்குழந்தையிலேயே கொடுத்துவிட்டார்களாம். பத்திரம் எதுவும் எழுதவில்லை. வீடு அப்பா சம்பாதித்துக் கட்டியது, உயில் இல்லை. டிஎன்ஏ பரிசோதனை கேட்பேன் என்கிறார் சித்தப்பா. அம்மாவிடம் இதைப் பேசவே தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் வீட்டு விஷயம். உயில் இல்லாத நிலையில், அப்பாவின் சுயசம்பாத்தியம் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, பிள்ளைகள், அப்பத்தா இருந்தால் அவரும். அப்பாவின் கூடப்பிறந்தவர் இரண்டாம் வகுப்பு வாரிசுதான், முதல் வகுப்பில் யாரும் இல்லாவிட்டால்தான் அவருக்கு வரும். ஆகவே உங்கள் தத்து நிரூபணமாகாமலே போனாலும்கூட, அம்மா இருப்பதால் அந்த வீட்டில் சித்தப்பாவுக்கு நேரடிப் பங்கு கிடையாது. பூர்வீகச் சொத்து ஏதாவது இருந்தால் கணக்கு வேறு. அதைப் பத்திரங்களோடு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் உரிமை. இந்துக்களுக்கான தத்துச் சட்டமும் 1956இல் வந்ததுதான். தத்துக்குப் பத்திரம் கட்டாயம் என்று அது சொல்லவில்லை. பதிவு செய்த பத்திரம் இருந்தால் நீதிமன்றம் தத்து நடந்ததாக எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆசையாக வளர்த்தார்கள் என்று மட்டும் சொன்னால் போதாது. பெற்றவர்கள் தத்தாகக் கொடுத்ததும் இவர்கள் வாங்கிக்கொண்டதும் தெரிய வேண்டும். பல வருடம் கடந்த தத்துக்கு நேரடிச் சாட்சி கிடைப்பது கடினம் என்பதால், ஊரும் உறவும் காலமெல்லாம் பிள்ளையாகவே நடத்தியதற்கு நீதிமன்றங்கள் நல்ல மதிப்பு கொடுக்கின்றன.

அதனால் வீட்டில் இருக்கும் பழைய காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காதுகுத்துப் பத்திரிகையில் பெற்றோர் என்று யார் பெயர் அச்சாகியிருக்கிறது? உங்கள் கல்யாணப் பத்திரிகையில் யாருடைய மகள்? தாரை வார்த்துக் கொடுத்தது யார்? அந்தப் போட்டோ, பள்ளி டிசி, ரேஷன் கார்டு, அப்பாவின் இன்சூரன்ஸ் பாலிசியில் நாமினி, எல்லாம் ஒரே கோப்பில் வரட்டும். இவற்றில் எதுவும் தனியாக நின்று தத்தை நிரூபிக்காது, சேர்ந்து நிற்கும்போது பலம்.

ஆனால் உங்களுக்குப் பெரிய சாட்சி அம்மாவும் பெரியம்மாவும்தான். அம்மாவிடம் பேசாமல் தள்ளிப்போடாதீர்கள். அதற்காக வீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டாம். 38 வருடம் அவர் மனதில் பூட்டி வைத்திருந்ததை வேறொருவர் சபையில் போட்டு உடைத்திருக்கிறார். உங்களைவிட அவர்தான் அதிகம் பயந்து போயிருப்பார். "சித்தப்பா சொன்னதைக் கேட்டேன். நீங்கதான் என் அம்மா. என்ன நடந்ததுன்னு உங்க வாயால கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவர் அழுதால் அழவிடுங்கள். முதல் நாளே எல்லாம் வர வேண்டியதில்லை. கோபம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்புறம் டிஎன்ஏ. நீங்கள் தத்துப்பிள்ளை என்றுதான் உரிமை கேட்கப் போகிறீர்கள். ரத்தம் வேறு என்று பரிசோதனை சொன்னால் அதனால் உங்கள் வழக்குக்கு ஒரு கெடுதலும் இல்லை. கேட்டவுடன் நீதிமன்றம் உத்தரவிட்டுவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லியிருக்கிறது. நீங்களாகப் போய் ரத்தம் கொடுக்காதீர்கள்.

வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் உண்மையையே எழுதுங்கள். இ-சேவை மையத்தில் 'மகள்' என்று போட்டுவிட்டால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். பிறகு சித்தப்பா ஆட்சேபித்தால் உங்கள் பேச்சின் நம்பகம்தான் போகும். தகராறு என்று வந்தால் தாசில்தார் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புவார். அங்கே, நீங்கள் தத்து மகள் என்று அறிவிக்கக் கோரி வழக்குப் போடலாம். பெரியவர்களுக்கு நடமாட்டம் இல்லையென்றால் நீதிமன்றம் தன் சார்பில் ஒருவரை (கமிஷனர் என்பார்கள்) நியமித்து வீட்டிலேயே சாட்சியம் பதிவு செய்யக் கேட்கலாம். இதற்கிடையே அம்மா விரும்பினால், தன் பங்கை உங்களுக்கு உயிலோ செட்டில்மெண்ட்டோ எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யட்டும். வழக்கு எப்படிப் போனாலும் அந்தப் பங்கு உங்களுக்குத்தான்.

தத்து உறுதியானால் பெரியம்மா, பெரியப்பா சொத்தில் பிள்ளை என்ற முறையில் உங்களுக்குப் பங்கு வராது. அதை அந்த வீட்டு அக்காமார்களிடம் நீங்களே சொல்லிவிட்டால் தேவையில்லாத சந்தேகம் வராது. பெரியப்பா குடும்பத்தில் சர்க்கரை, இதய நோய், புற்றுநோய் யாருக்காவது இருந்ததா என்றும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை நாள் டாக்டரிடம் அப்பா வழி என்று நீங்கள் சொல்லிவந்த விவரம் மாறும்.