டெக்சஸ் விடுதலையில் அடிமைகளின் இடம்: கேள்வி பதில்

கேள்வி: மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்த நாடு. அதற்குள் இருந்த டெக்சஸில் மட்டும் எப்படி அடிமைகள்?

பதில்: எல்லாம் ஒரு பத்திரத்தின் வேலை. இனி யாரும் அடிமையாகப் பிறப்பதில்லை, ஆறு மாதத்துக்குப் பிறகு வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரவும் கூடாது என்று 1827இல் டெக்சஸ் அடங்கிய மெக்சிகோ மாநிலத்தின் அரசமைப்பு சொன்னது. அமெரிக்காவிலிருந்து பருத்தி போட வந்த குடியேறிகள் அசரவில்லை. வேறு நாட்டில் செய்த வேலை ஒப்பந்தம் இங்கும் செல்லும் என்று மறுவருடமே ஒரு மாநிலச் சட்டம் வந்தது. அது போதாதா? எல்லை தாண்டுமுன் அடிமையை ஓர் அதிகாரி முன் நிறுத்தி, 'என் விலை இவ்வளவு, வழிச்செலவு இவ்வளவு, உழைத்துக் கழிக்கிறேன்' என்று கைநாட்டு வாங்கிவிடுவார்கள். கூலி சொற்பம், அதிலும் துணிமணிக்குப் பிடித்தம். 99 வருட ஒப்பந்தமெல்லாம் உண்டு. 1829இல் அதிபர் விசென்டே கெரேரோ நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்தார். டெக்சஸில் கூச்சல் எழவே, சில மாதங்களில் அதற்கு மட்டும் விலக்கு.

கேள்வி: நம் கொத்தடிமை மாதிரியா?

பதில்: கிட்டத்தட்ட. ஆனால் இவன் கடனே வாங்காமல் கடனாளி ஆனவன்.

கேள்வி: மெக்சிகோவிலிருந்து பிரிந்தபோது டெக்சஸ் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தில் அடிமைமுறை பற்றி ஒரு வரிகூட இல்லையே?

பதில்: இல்லைதான். 1836 மார்ச் 2ஆம் தேதிப் பிரகடனத்தில் ஜூரி விசாரணை, பள்ளிக்கூடம், வழிபாட்டு உரிமை என்று குறைகள் வரிசையாக வருகின்றன. அதனால்தான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்: பிரகடனத்தோடு நிறுத்தாதீர்கள், அதே மாதம் எழுதிய அரசமைப்பைப் படியுங்கள். அதன் பொது விதிகளில் 9ஆவது, டெக்சஸ் வருமுன் ஆயுள் அடிமையாக இருந்தவர் இனியும் அடிமையே என்கிறது. பத்திரம், கைநாட்டு, அந்த நாடகமெல்லாம் இனித் தேவையில்லை. நாடாளுமன்றமே நினைத்தாலும் விடுவிக்க முடியாது. உடைமையாளர் விடுவிப்பதென்றாலும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், இல்லையேல் அந்த அடிமையை நாட்டுக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும்.

கேள்வி: சார், தப்பு. டெக்சஸ் பிரிந்ததற்கு அடிமைமுறை காரணமல்ல; மாநிலங்களுக்கு அதிகாரம் தந்த 1824 அரசமைப்பை மெக்சிகோ அதிபர் சான்டா அன்னா தூக்கி எறிந்ததுதான் காரணம். சகட்டெகாஸ் என்ற இன்னொரு மெக்சிகோ மாநிலமும்தான் கிளர்ந்தது, அங்கே அடிமைப் பண்ணையா இருந்தது?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். டெக்சஸின் முதல் துணை அதிபர் லொரென்சோ தெ சவாலா மெக்சிகோவின் யுகட்டானில் பிறந்தவர். ஹுவான் செகின் போன்ற உள்ளூர் மெக்சிகர்களும் சேர்ந்தார்கள். அவர்களுக்கு அது மத்திய ஆட்சிக்கு எதிரான சண்டைதான். சரி, மாநில உரிமை என்றே வைத்துக்கொள்வோம். உரிமை கைக்கு வந்ததும் எதை அவ்வளவு இறுக்கிப் பூட்டினார்கள்?

கேள்வி (அதே நண்பர்): வெறும் 5,000 அடிமைகளுக்காகவா போர்?

பதில்: அவர்கள் எண்ணியது இருந்தவர்களை அல்ல, வரப்போகிறவர்களை. 'டெக்சஸ் அடிமை நாடாகத்தான் இருக்க வேண்டும்' என்ற பொருளில் 1835இல் அமெரிக்கக் குடியேறிகளின் தலைவர் ஸ்டீபன் ஆஸ்டினே கடிதம் எழுதியிருக்கிறார். 1860 கணக்கெடுப்பில் அந்த 5,000 என்ன ஆனது தெரியுமா? 1,82,566. இதற்கு மேல் நீங்களும் நானும் தனியாகப் பேசிக்கொள்ளலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பிரகடனத்தில் அடிமைமுறை பற்றி ஒன்றும் இல்லை என்கிறார்களே?

பதில்: மேலே பார்க்கவும். அரசமைப்பு. ஒன்பது.

கேள்வி: 1836இல் மெக்சிகோ படை முற்றுகையிட்ட டெக்சஸின் அலமோ கோட்டையில் இருந்த எல்லோரும் இறந்துவிட்டார்கள்தானே?

பதில்: சினிமாவை வைத்து வரலாறு பேசாதீர்கள். தளபதி டிராவிஸின் அடிமை ஜோ பிழைத்தான். முற்றுகை எப்படி முடிந்தது என்று டெக்சஸ் அமைச்சரவையிடம் நேரில் சொன்னவன் அவன்தான். கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் டிராவிஸின் சொத்தோடு சொத்தாக அவனையும் சேர்த்துவிட்டார்கள். 1837 ஏப்ரல் 21, மெக்சிகோ படையை டெக்சஸ் தோற்கடித்த சான் ஹசின்டோ வெற்றியின் முதலாண்டு நாள். அன்று ஜோ ஓடிப்போனான்.

கேள்வி: கறுப்பர் யாரும் டெக்சஸ் பக்கம் நின்று போரிடவில்லையா?

பதில்: சாமுவேல் மெக்கல்லக், அடிமையல்லாத கறுப்பர். 1835 அக்டோபரில் கோலியாட் சண்டையில் தோளில் குண்டு வாங்கினார். 1840இல் சுதந்திரக் கறுப்பர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று சட்டம் வந்தது. தான் அங்கேயே இருந்துகொள்ள அவர் மனுப்போட வேண்டியதாயிற்று. அனுமதித்தார்கள்.