எறும்பு எவ்வளவு சுமக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எத்தனை மடங்கு?" என்ற ஒரே கேள்விதான். கேட்பவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள்: என்ன எறும்பு, என்ன சுமை, அதைத் தூக்கியதா இழுத்ததா பிடித்துக்கொண்டு நின்றதா. இது தெரியாமல் மடங்குக் கணக்குப் போடவே கூடாது.

எறும்பு தன் எடையைப் போல 50 மடங்கு தூக்குமாமே, நிஜமா? (அவிநாசி)

எந்த எறும்பு? தூக்கியதா, இழுத்ததா? அன்றாடம் இரை கொண்டு போகும் எறும்பைக் கவனியுங்கள். தன் எடைக்குச் சமமாகவோ அதைப் போல சில மடங்கோதான் வாயில் இருக்கும். பத்து மடங்கே பெரிய சுமை. தரையோடு இழுப்பதென்றால் இன்னும் கூடும்.

"எறும்பின் பலம் இருந்தால் மனிதன் லாரியையே தூக்குவான்" என்று மகள் பேச்சுப் போட்டிக்கு எழுதியிருக்கிறாள். கணக்கு சரிதானுங்களா? (கோபி)

சரியில்லைங்க. அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். வருஷா வருஷம் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து மேடையேறுகிறார்கள், பெரியவர்கள் கைதட்டி அனுப்புகிறார்கள். எறும்பிடம் கற்றுக்கொள்ள வேண்டிய அருமையான பாடத்தை இந்த ஒரு வரி மூடி மறைத்துவிடுகிறது. எனக்கு அதுதான் ஆற்றாமை.

தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடை கன அளவைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் பலம் 4 மடங்கு, எடை 8 மடங்கு. உருவம் பெருக்கப் பெருக்க உடம்பு தன்னையே தாங்காது என்று கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார்.

இப்போது கணக்குக்கு வருவோம். 5 மி.மீ. நீளம், 5 மில்லிகிராம் எடையுள்ள எறும்பு ஒன்று 50 மில்லிகிராம் தூக்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதை 300 மடங்கு நீட்டினால் ஒன்றரை மீட்டர். தசைப் பலம் 300 × 300, அதாவது 90,000 மடங்கு ஏறும். தன் உடம்பையும் சேர்த்து அது தாங்குவது சுமார் 5 கிலோ. எடையோ 2.7 கோடி மடங்கு, ஏறக்குறைய 135 கிலோ. 5 கிலோ தாங்கும் கால்மேல் 135 கிலோ உடம்பு! லாரி கிடக்கட்டும், எழுந்தே நிற்காது. மூச்சும் முட்டிப்போகும், ஏனென்றால் எறும்புக்கு நுரையீரல் இல்லை. பக்கவாட்டுத் துளைகளில் நுழையும் காற்று அவ்வளவு பெரிய உடம்பின் உள்ளே வரைக்கும் எட்டாது.

திருப்பியும் போட்டுப் பாருங்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தன் எடைக்குச் சமமான மூட்டையை முதுகில் ஏற்றும் தொழிலாளியை எறும்பு அளவுக்குச் சுருக்கினால், கணக்குப்படி அவர் எறும்பையே மிஞ்சிவிடுவார். எறும்பின் தசையில் மாயம் எதுவும் இல்லை. சின்ன உடம்பாக இருப்பதுதான் அதன் பலம். உங்கள் மகள் இதைப் பேசட்டும்.

5,000 மடங்கு என்று ஒரு செய்தியில் படித்தேன். (நாமக்கல்)

முழுதாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. அது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்து 2014-இல் வெளியிட்ட சோதனை. அந்நாட்டு மண்மேட்டு எறும்பை மயக்கி, தலையை ஒட்டிவைத்து, சுழல் இயந்திரத்தில் சுற்றினார்கள். உடம்பு எடையைப் போல 350 மடங்கு விசையில் கழுத்து மூட்டு நீளத் தொடங்கியது. 3,400 முதல் 5,000 மடங்குக்குள் அறுந்தது. கழுத்து எதுவரை அறாது என்பதற்கான கணக்கு அது. எறும்பு தூக்கிய சுமை இல்லை. திரும்பவும் சொல்கிறேன்: தூக்குவது வேறு, தாங்குவது வேறு.

தோப்பில் முசுறு எறும்புத் தொல்லை. ஒன்று தலைகீழாகத் தொங்கியபடியே பெரிய பூச்சியைப் பிடித்திருந்தது. எப்படி? (பொள்ளாச்சி)

பாதத்தில் மெத்தை போன்ற பகுதி இருக்கிறது. அதில் கசியும் திரவம் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. கேம்பிரிட்ஜில் எடுத்த புகைப்படம் ஒன்றில் முசுறு ஒன்று கண்ணாடியில் தலைகீழாக நின்று அரை கிராம், அதாவது தன் எடையைப் போல 100 மடங்கு, வாயில் பிடித்திருக்கும். இது ஒட்டும் பலம். அதே சுமையோடு அது நடந்து போகும் என்று நினைத்துவிடாதீர்கள். தொல்லை என்கிறீர்கள், ஆனால் மற்ற பூச்சிகளைத் தின்று மரத்தைக் காப்பதும் முசுறுதான். காய் பறிக்கும் மரத்தில் மட்டும் கூட்டை அகற்றினால் போதும்.

விதைத்த எள்ளை எறும்பு தூக்கிப்போகிறது. முழுக் காடும் போய்விடுமா? (காங்கயம்)

போகாது. ஒரு எள் சுமார் 3 மில்லிகிராம். ஒரு நடைக்கு ஒரு விதை. ஒரு புற்றிலிருந்து ஆயிரம் எறும்புகள் பத்து நடை போனாலும் 30 கிராம்தான். ஏக்கருக்கு 2 கிலோ விதைக்கிறீர்கள். ஆனால் புற்றைச் சுற்றித் திட்டுத் திட்டாக முளைப்பு குறையும். விதைத்த அன்றே மண்ணால் மூடுங்கள். பி.எச்.சி. பூச்சிக்கொல்லிப் பவுடர் தூவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது 1997-லேயே தடை செய்யப்பட்டது. வீட்டில் பழைய பொட்டலம் இருந்தால் தொடாதீர்கள்.

ரோஜா இலையை எறும்பு வட்டமாக வெட்டுகிறது. படம் இணைத்துள்ளேன். (கோவை)

படத்தில் எறும்பே இல்லை. இலைவெட்டி எறும்பு அமெரிக்கக் கண்டங்களில்தான் உண்டு. உங்கள் செடியில் வெட்டியது இலைவெட்டித் தேனீ. இலைத்துண்டைக் கொண்டுபோய்க் கூட்டுக்கு உறை போடும். மருந்து அடிக்க வேண்டாம்.

எறும்பு முட்டை தூக்கினால் மழையா? (பவானி)

அவ்வளவு பெரிதாக வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும். முட்டை கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். புற்றில் ஈரமோ கலக்கமோ வந்தால் இடம் மாற்றும்.

செத்த கரப்பானை இருபது எறும்புகள் சேர்ந்து இழுத்தன. யார் வழி காட்டுவது? (திருப்பூர்)

நல்ல கேள்வி. நிரந்தரத் தலைவர் கிடையாது. நீளக் காலோடு தாறுமாறாக ஓடும் கருப்பு எறும்பைக் கொண்டு இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. புதிதாக வந்து பிடிக்கும் எறும்புக்குப் புற்று இருக்கும் திசை தெரியும். அது பத்து இருபது நொடிக்குச் சுமையைத் திருப்பும், மற்றவை அதன் போக்குக்கு இழுக்கும். பிறகு இன்னொன்று வரும்.

பையன் வீட்டிலேயே அளக்க ஆசைப்படுகிறான். (தாராபுரம்)

ஒரே ஒரு எறும்பை எடை போட முடியாது. ஒரே வகையில் நூறைச் சின்ன டப்பாவில் பிடித்து, நகைக்கடைத் தராசில் டப்பாவோடு எடை போட்டு, டப்பா எடையைக் கழித்து நூறால் வகுக்கச் சொல்லுங்கள். கேழ்வரகு, கம்பு, அரிசியையும் நூறு நூறாக அப்படியே நிறுக்கட்டும். பிறகு புற்றருகே வைத்து, எதைத் தூக்குகிறது, எதை இழுக்கிறது என்று தனித்தனியாகக் குறிக்கட்டும். பிடித்தவற்றை அதே புற்றருகே விட வேண்டும். வேறு புற்றருகே விட்டால் அங்குள்ளவை கடித்தே கொன்றுவிடும்.