மறுமொழி: 90 கிலோ உடம்புக்கு 385 மில்லி மூச்சு போதுமா?

நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் இருக்கும் அப்பச்சி 90 கிலோ, உயரம் 168 செ.மீ., ஒரு மூச்சுக்கு 385 மில்லிதான் வைத்திருக்கிறார்கள், குப்புறவும் கிடத்திவிட்டார்கள், சென்னைக்குக் கொண்டுபோகலாமா என்று தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். "மூச்சைக் குறைத்துவிட்டார்கள்" என்று பங்காளிகள் சொல்வதைக் கேட்டுக் கலங்காதீர்கள்.

உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. 168 செ.மீ. ஆணுக்குக் கணக்கில் கொள்ளும் எடை சுமார் 64 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால் 385 வருகிறது. அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், 12 மில்லி பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31 சதவீதம். நோயுற்ற நுரையீரலில் காற்று ஏறும் இடம் சுருங்கிவிடுகிறது. அதிகம் அடைத்தால் மிச்சமிருக்கும் நல்ல பகுதியும் புண்ணாகும்.

குப்புறக் கிடத்துவதும் சிகிச்சைதான். பிரான்சிலும் ஸ்பெயினிலும் நடந்த 2013 ஆய்வில், கடும் பாதிப்புள்ளவர்களின் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆகப் பாதியாயிற்று. என் ஆத்தாவும் மதுரையில் இப்படிக் கிடந்தார்கள். கன்னம் வீங்கி, இமை ஒட்டி, தோடு கழற்றிய காதுத் துளை மட்டும் தெரிந்தது. பார்த்ததும் அழுதுவிட்டேன். மல்லாத்திய பிறகு வீக்கம் வடிந்தது.

இந்த நிலையில் ஆம்புலன்ஸில் நெடுந்தூரம் கொண்டுபோவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மருத்துவரிடமே பேசுங்கள். உயரத்தை டேப் வைத்து அளந்தார்களா, மூச்சு உள்ளே போய் நிற்கும்போது நுரையீரலில் உள்ள அழுத்தம் 30 செ.மீ. நீர் அளவுக்குள் நிற்கிறதா, மயக்க மருந்தை எப்போது குறைப்பார்கள் என்று கேளுங்கள்.