வாரம் ஒரு மாத்திரை: காபிக்கு அரை மணி பொறுக்கட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. டெக்ஸா ஸ்கேன் பார்த்த டாக்டர், எலும்பு மெலிந்திருக்கிறது என்று அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒன்று எழுதிக் கொடுத்தார். விடிகாலையில் காபியோடு, கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். இரண்டு மாதமாகிறது, இப்போது நெஞ்செரிச்சல் என்கிறார். போன வாரம் கடையில் அந்த மருந்து இல்லையென்று, விலை குறைவாக ரைசெட்ரோனேட் 35 மி.கி. கொடுத்தார்கள். பாதி அளவு போதுமா? பழைய மாத்திரை மட்டமானதா? – வாசகி, கும்பகோணம்

பதில்: நெஞ்செரிச்சலை டாக்டரிடம் சொல்லாமல் அடுத்த மாத்திரையைப் போட வேண்டாம். விழுங்கும்போது வலித்தாலோ, தொண்டைக்குக் கீழே அடைக்கிற மாதிரி இருந்தாலோ உடனே காட்டுங்கள்.

மாத்திரை மட்டமானது என்று நினைக்க நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. போடுகிற விதம்தான் கவலையாக இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டாலே நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராத மருந்து இது. காபி கூடச் சேர்ந்தால் அந்தக் கொஞ்சத்திலும் சுமார் 60 சதவீதம் போய்விடும். கால்சியம் அதை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மாதமாகக் காசு கொடுத்து வாங்கிய மருந்தில் பெரும்பகுதி எலும்புக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அதைவிட, ஒரு மடக்கு காபியில் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். எரிச்சலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

டாக்டர் தொடரச் சொன்னால் இப்படிச் செய்யுங்கள். எழுந்ததும், எதுவும் சாப்பிடுமுன், ஒரு டம்ளர் நிறைய (சுமார் 200 மி.லி.) சாதா தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும், சப்பவோ கடிக்கவோ கூடாது. அதன்பின் குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். காபி, டிபன், மற்ற மாத்திரைகள் எல்லாம் அதற்கப்புறம்தான். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். என் பெரியம்மா ஞாயிறு காலை மாத்திரை போட்டதும் திண்ணையில் உட்கார்ந்து பூ தொடுப்பார்; சரம் முடிந்தால்தான் காபி. கடிகாரமே பார்க்க மாட்டார்.

தண்ணீர் பற்றி இன்னொன்று. நாம் 'மினரல் வாட்டர்' என்று சொல்லும் கேன் தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரித்த குடிநீர்தான், அது பரவாயில்லை. கால்சியம், மக்னீசியம் உள்ள இயற்கைத் தாதுநீர் மட்டும் கூடாது. லேபிளில் போட்டிருக்கும்.

இனி 35 விஷயம். அது பாதி அளவு அல்ல, வேறு மருந்து. ரைசெட்ரோனேட்டுக்கு வார அளவே 35 மி.கி.தான். ஆனால் டாக்டரைக் கேட்காமல் கடைக்காரர் மருந்தை மாற்றிக் கொடுத்தது தப்பு. கம்பெனி மாறினால் விலை குறையலாம், அதில் குற்றமில்லை. மருந்தின் பெயரும் மில்லிகிராமும் மாறக்கூடாது. மலிவாக வேண்டுமென்றால் மக்கள் மருந்தகத்தில் அதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அட்டையை வெட்டி ஒன்றிரண்டாக வாங்காதீர்கள், காலாவதி தேதி வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடும். பேட்ச் எண்ணோடு பில் வாங்குங்கள். தர மறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்றாகப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது ஆபத்து, அட்டையிலேயே பேனாவால் கிழமையை எழுதிவையுங்கள். மறந்துபோனால் ஞாபகம் வந்த மறுநாள் காலை ஒன்று போட்டுவிட்டு, பழைய கிழமைக்கே திரும்பிவிடலாம். ஒரே நாளில் இரண்டு கூடவே கூடாது.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பல் பிடுங்கப் போகும்போது பல் டாக்டரிடமும் இந்த மாத்திரையைச் சொல்லிவிடுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போவது அபூர்வம்தான், ஆனாலும் அவருக்குத் தெரிய வேண்டும். தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ காரணமில்லாமல் வலி வந்தால் மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் காட்டுங்கள். ஐந்து வருடம் ஆனதும், இன்னும் தொடர வேண்டுமா என்று நீங்களே டாக்டரைக் கேளுங்கள்.