வைரம் மின்சாரம் கடத்துகிறது, சரி. கடத்துவது போரானா?

கேள்வி: செயற்கை வைரத் தகடு ஒன்றில் போரான் அயனிகளைப் பதித்தோம். மின்தடை பல மடங்கு இறங்கிவிட்டது. மாசூட்டல் (கடத்துவதற்காக வேற்று அணுவைச் சேர்ப்பது) வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். வேகமாக வந்து மோதும் அயனி எதுவானாலும் கார்பன் அணுக்களை இடம்விட்டுத் தள்ளிவிடும், அப்படிக் கலைந்துகிடக்கும் பகுதியே மின்சாரம் கடத்தும், போரானுக்கு அதில் துளிப் பங்குகூட இருக்க வேண்டியதில்லை. பதித்த இடம் கறுத்துத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். கறுத்திருந்தால் சேதம் பலமாகவே இருக்கிறது.

இதைப் பிரித்தறிய நான் முதலில் நம்பும் சோதனை இது. இன்னொரு தகட்டில் அதே அளவு சேதம் வரும்படி கார்பன் அயனிகளைப் பதியுங்கள். வைரமே கார்பன், அதனால் அது மாசு ஆகாது. இரண்டையும் ஒன்றாக அனீலிங் செய்த (சேதம் ஆறும்படி சூடாக்கிய) பிறகு கார்பன் தகடும் அதேபோல் கடத்தினால், நீங்கள் அளந்தது வெறும் சேதத்தைத்தான்.

சிலிக்கானில் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். அங்கே சூடாக்கினால் சிதைந்த படிகம் ஒழுங்குக்கு வந்துவிடும். வைரத்தில் சேதம் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10²² காலியிடங்களை (அணு விலகிப்போன இடங்களை) தாண்டினால், சூடாக்கச் சூடாக்க கிராஃபைட்டாகத்தான் போகும். அதனால் டோஸை, அதாவது பதிக்கும் அயனிகளின் அளவை, குறையுங்கள். திரவ நைட்ரஜன் குளிரில் பதித்து உடனே வேகமாகச் சூடேற்றும் முறையும் உண்டு. காலியிடங்கள் நகர்ந்துபோகாமல் அங்கேயே இருக்கும், போரான் அவற்றில் போய் உட்காரும்.

அப்புறம் நல்ல வெற்றிடத்தில் 1400 டிகிரி செல்சியஸ் வாக்கில் அனீலிங். காற்று கசிந்தால் வைரம் எரிய ஆரம்பித்துவிடும். அது முடிந்ததும் கொதிக்கும் அமிலக் கலவையில் கழுவினால் மேலே படிந்த கிராஃபைட் போகும், மேற்பரப்பில் ஒட்டிய ஹைட்ரஜனும் போகும். அந்த ஹைட்ரஜன் ஒன்றே போதும், தகடு கடத்துவதுபோல் காட்டி ஏமாற்ற.

இப்போது வெப்பநிலையை ஏற்றி ஏற்றி ஹால் அளவீடு (காந்தப்புலத்தில் வைத்து, கடத்துவது எது, எத்தனை என்று காணும் சோதனை) எடுங்கள். துளைகள்தான் (எலக்ட்ரான் இல்லாமல், நேர்மின்சுமைபோல் நகரும் இடங்கள்) கடத்துகின்றன என்று வந்து, வெப்பத்தோடு அவற்றின் எண்ணிக்கை கூடும் சரிவிலிருந்து கிடைக்கும் ஆற்றல், போரான் ஒரு துளையைத் தரத் தேவையான 0.37 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி நின்றால், அது போரான். மிதமான மாசூட்டலில் அறை வெப்பநிலையில் நூற்றில் ஒரு போரான்கூட துளையைத் தராது, ஆகவே தடை ஓரளவுதான் இறங்கும். அளவுக்கு மீறி இறங்கியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும்.

தகடு முழுவதும் கடத்த வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் பதிக்கவே வேண்டாம், வாயுவிலிருந்து வைரம் வளரும்போதே போரான் உள்ள வாயுவான டைபோரேனைக் கலந்துவிடுங்கள்.