வீட்டில் பில்டர், சைலன்சர் மாற்றிய பிறகு எஞ்சின் லைட் அணையவில்லை, என்ன செய்வது?

தம்பி, ஹட்டனில் வீட்டு முற்றத்திலேயே மோட்டார் சைக்கிளுக்குப் பொட் பில்டரும் (பெட்டி இல்லாமல் நேராக மாட்டும் காற்று வடிகட்டி) வேறு சைலன்சரும் போட்டதாகவும் அன்றிலிருந்து மஞ்சள் லைட் எரிந்தபடியே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வண்டி எது என்று சொல்லவில்லை. ஹொண்டா எப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெற்றோல் பாய்ச்சும் வண்டி) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். யமஹா, சுசூகிக்கு முறை வேறு. அவற்றில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

பெட்டரி வயரைக் கழட்டி மாட்டினால் போதும் என்று கட்டாயம் யாராவது வந்து சொல்வார்கள். ஹொண்டாவில் கோளாறு எண், எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ.வில் பதிந்து நிற்கும், பெட்டரியைக் கழட்டினாலும் போகாது. முறையாக அழித்தாலும் கோளாறு இருக்கும்வரை லைட் திரும்ப வரும். ஆகவே முதலில் எண்ணைப் படிக்க வேண்டும்.

சீட்டுக்கு அடியிலோ பக்கக் கவருக்குள்ளோ நான்கு பின் கனெக்டர் ஒன்று, பெரும்பாலும் சிவப்பு நிறம், மூடி போட்டபடி எதிலும் மாட்டாமல் கிடக்கும். சுவிட்சை ஓஃப் செய்து, அதில் பச்சை வயர் பின்னையும் பிரவுன் வயர் பின்னையும் சிறு வயர்த் துண்டால் இணையுங்கள். மற்ற இரண்டில் ஒன்றில் 12 வோல்ட் வரும். தவறிப் பட்டால் பியூஸ் போகும், ஈ.சி.யூ.வுக்கும் ஆபத்து. டோர்ச் அடித்து நிறத்தைப் பார்த்துவிட்டே செருகுங்கள்.

கில் சுவிட்ச் ரன்னில் இருக்கட்டும். சாவியை ஓனில் வையுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். லைட் சிமிட்டும். நீண்ட சிமிட்டலை (1.3 செக்கன்) பத்தாகவும் குறுஞ்சிமிட்டலை (0.3 செக்கன்) ஒன்றாகவும் எண்ணிக் கூட்டுங்கள். இரண்டு நீளம், ஒரு குறில் என்றால் 21, புகைக் குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர். 1 என்றால் காற்றழுத்த சென்சர், 8 த்ரொட்டில், 9 உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, 12 இன்ஜெக்டர்.

உங்கள் வேலைக்கு 21, 9 இரண்டில்தான் எனக்குச் சந்தேகம். சைலன்சரைக் கழட்டும்போது ஒட்சிசன் சென்சரின் கனெக்டரை விடுவிக்காமல் ஸ்பேனர் போட்டுச் சுற்றினால் வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். மேல் உறை நன்றாகத் தெரியும், உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். வயர் சூடான பைப்பில் பட்டு உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் 9ஆம் எண் சென்சர் ஏர்பொக்ஸில் (பழைய பில்டர் இருந்த பெட்டி) இருக்கும். பொட் பில்டர் போடுகிறவர்கள் அதை அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்து மூடுபனிக்கும் மழைக்கும் கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறும். கொன்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டுங்கள்.

உயரத்தால்தான் லைட் வருகிறது என்று சில பாஸ்மார் சொல்வது சரியில்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரில் அதற்காக மெயின் ஜெட்டைச் சிறிதாக்குவார்கள். எப்.ஐ.யில் காற்றழுத்த சென்சரைப் பார்த்து ஈ.சி.யூ. தானே பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். த்ரொட்டில் பொடியில் பெயின்ட் குறி வைத்த ஸ்குரூவை உயரத்துக்காக யாரும் திருப்ப விடாதீர்கள்.

பழுதைச் சரிசெய்த பிறகுதான் அழிப்பது. அதே பச்சை, பிரவுனை இணைத்துச் சாவியை ஓன் செய்யுங்கள். வயர்த் துண்டை எடுத்துவிடுங்கள்; லைட் சுமார் ஐந்து செக்கன் எரியும். அது அணையுமுன் மீண்டும் இணைக்க வேண்டும். அணைந்து சிமிட்டத் தொடங்கினால் அழிந்துவிட்டது. பிந்திவிட்டால் சாவியை ஓஃப் செய்து முதலிலிருந்து.

இவ்வளவு சின்ன வேலைக்கு, ஸ்கேனர் (எண்ணைப் படிக்கும் கருவி) போட வேண்டும் என்று தோட்டத்துப் பிள்ளைகளைக் கண்டி, கொழும்பு என்று அனுப்புகிறார்கள். ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகிறது. இதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அழித்த பிறகு எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓர் ஏற்றம் ஓடிப் பாருங்கள். ஒட்சிசன் சென்சர் சூடேறினால்தான் வேலை செய்யும். லைட் திரும்ப வந்தால் எத்தனை நீளம், எத்தனை குறில் என்று எழுதுங்கள்.